குருத்தணுவையும் புற்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்: பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். பாடநூலுக்கு யோசனை சொல்ல இவன் யார் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவனும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. ரத்த அணுக்களை எண்ணுவது என் தொழில். எண்ணும் இயந்திரங்கள் எங்கள் ஊருக்கு வராத காலத்தில், கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தத்தை மெலிதாக இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய் சொட்டி, கண் மைக்ராஸ்கோப்பிலும் விரல் கவுன்ட்டரிலுமாக நூறு வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவோம். நூறு சேர்ந்ததும் கவுன்ட்டர் 'டிங்' என்று மணி அடிக்கும். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் அந்தச் சத்தம் சில இரவுகளில் கேட்கிறது.

என் பேத்தி சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதினாள். தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகத்தை என் மடியில் போட்டு, "கேள்வி கேளுங்கள் தாத்தா" என்றாள். குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், என்றால் என்ன என்றேன். மூச்சு விடாமல் சொன்னாள். சில பக்கங்கள் தள்ளிப் புற்றுநோய் என்றால் என்ன என்றேன். அதையும் சொன்னாள். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "அது வேறு பாடம் தாத்தா" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளுடைய புத்தகத்தில் அவை வேறு வேறு பாடங்கள்தான். ஒன்று உயிரியலின் வரம்போலவும் மற்றது சாபம்போலவும் நிற்கின்றன. நடுவில் ஒரு வரிகூடப் பாலம் போடவில்லை. இப்படிப் பிரித்து வைப்பதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். கெட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

எதிர் வீட்டில் ஒரு இளம் தம்பதி. நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம். ஒரு நாள் அந்தப் பெண் ஒரு பளபளப்பான கையேட்டுடன் வந்தாள். பெருநகரம் ஒன்றில் உள்ள ஒரு தனியார் சிகிச்சை மையம் கொடுத்தது. பையனின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே குருத்தணுக்களை எடுத்து, முதுகுத்தண்டு வழியாக ஊசி போடுவார்களாம். மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு மேல். கையேட்டின் முதல் பக்கத்தில் தங்க எழுத்தில், 'தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் அற்புத அணுக்கள்' என்று போட்டிருந்தது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

"உள்ளே போகிற செல் எங்கே போய் உட்காரும், எப்போது பிரிவதை நிறுத்தும் என்று அவர்களிடம் கேட்டாயா அம்மா?" என்றேன்.

"நிறுத்த வேண்டுமா மாமா?" என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் பள்ளி முதல் மாணவி அவள். அந்த ஒரு கேள்விதான் இந்த மடல். புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் நல்லது என்று அவளுக்குக் கற்பித்திருக்கிறோம். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதால் மட்டுமே நல்லது என்பதைக் கற்பிக்கவில்லை.

குருத்தணு என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது, அவர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஆங்கிலப் பெயரில் தண்டுதான் இருக்கிறது. தமிழில் குருத்து வந்துவிட்டது. தென்னைக்கு உச்சியில் ஒரே குருத்து. காண்டாமிருக வண்டு அதைக் குடைந்து அழித்துவிட்டால் அறுபது அடி மரமும் அதோடு முடிந்தது. வாழையைப் பாருங்கள், இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு வாழை ஒரு குலைதான் தள்ளும், பிறகு வெட்டிச் சாய்ப்போம். தோப்பு மட்டும் அழிவதில்லை, ஏனென்றால் மண்ணுக்கடியில் கிழங்கு கன்று விடுகிறது. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவது இதைத்தான். குருத்தணு செய்வதும் இதுவே: அது பிரியும்போது ஒரு பக்கம் குலை, ஒரு பக்கம் கன்று. குலை என்பது வேலைக்குப் போகிற செல். சிவப்பணுவாகி, வெள்ளையணுவாகி, உழைத்து, செத்துப்போகும். கன்று என்பது மீண்டும் ஒரு குருத்தணு. இந்தக் கன்று விடுகிற வேலைக்குத்தான் தன்புதுப்பிப்பு என்று பெயர்.

வாழை வைத்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். பக்கக் கன்றுகளைக் கழிக்காமல் விட்டால் தோப்பு புதராகும், குலை சிறுக்கும். கன்று வேண்டும், ஆனால் கன்றை அறுக்கும் அரிவாளும் வேண்டும். இந்த அரிவாளைத்தான் உங்கள் பாடத்தில் காணவில்லை.

1961இல் டொராண்டோவில் எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற மருத்துவரும் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும் ஒரு சோதனை செய்தார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களை ஏற்றினார்கள். சில நாள்களில் எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தென்பட்டன. ஏற்றிய செல்கள் எவ்வளவோ, அதற்கு ஏற்ப முடிச்சுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் குடும்பம் என்று இரண்டு ஆண்டுகளில் உறுதியானது. ரத்தக் குருத்தணு இருக்கிறது என்பதற்கு முதல் வலுவான சான்று இப்படித்தான் கிடைத்தது. கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டு பாடங்களும் பிறந்த வீடே ஒன்றுதான்.

'கட்டுப்பாடில்லாமல் செல்கள் பிரிவதே புற்றுநோய்' என்ற வரையறை பள்ளிக்கூடங்களில் காலங்காலமாக ஓதப்படுகிறது. பொய் இல்லை. ஆனால் அரைகுறை. வெறும் பிரிதல் ஆபத்து என்றால் நாம் யாரும் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டோம். உங்கள் மஜ்ஜை ஒவ்வொரு நாளும் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்கிறது. குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை முழுதாக மாறுகிறது. இவ்வளவு பிரிதலும் ஏன் புற்றாகவில்லை? பிரிகிற செல்களில் பெரும்பாலானவை ஒருவழிப் பாதையில் போகின்றன. சில தலைமுறை பிரிந்து, முதிர்ந்து, முடிந்துவிடும். அவற்றில் ஒன்றின் மரபணு பழுதானாலும் அந்தப் பழுது அந்தச் செல்லோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். குருத்தணுவில் பழுது விழுந்தால் அது போகாது. அந்தச் செல்லுக்குச் சாவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பழுதின் மேல் இன்னொரு பழுது சேரக் காலமும் இருக்கிறது. மேலும், முடிவில்லாமல் தன்னைத் தானே செய்துகொள்ளும் வித்தையைப் புற்றுக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குருத்தணுவிடம் அது பிறவியிலேயே உண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தம்பியின் ரத்தத்தில் பார்த்தேன்.

2006இல் அவனுக்கு 44 வயது. பஸ் கண்டக்டர். இடது விலாவுக்குக் கீழே ஏதோ அடைக்கிறது, காசுப் பையின் வாரை மாட்டினால் வலிக்கிறது என்று வந்தான். வாயுத் தொல்லை என்று ஓமம் தின்றுகொண்டிருந்தானாம். நானே ரத்தம் எடுத்தேன். குழாயைச் சுழற்றி நிறுத்தியபோது எனக்குக் கை சில்லிட்டது. சிவப்பணுக்கள் அடியில் படியும், தெளிநீர் மேலே நிற்கும், நடுவில் வெள்ளையணுக்கள் நகக்கீறல் மாதிரி ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அது வழக்கம். அவன் குழாயில் அந்தக் கோடு தடித்த மோர் ஏடு மாதிரி நின்றது. 1840களில் ஜெர்மனியின் விர்ஷோ என்ற மருத்துவர் இந்த நோய்க்கு 'வெள்ளை ரத்தம்' என்று பெயர் வைத்ததன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஸ்லைடு போட்டேன். நல்ல மனிதனின் ஸ்லைடில் வெள்ளையணுக்கள் மதிய நேரத்துக் கடைத்தெருவில் ஆள் நடமாடுவது போல அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். எல்லாம் முதிர்ந்தவை. தம்பியின் ஸ்லைடு தேர்த் திருவிழா. அதிலும் முதிர்ந்தவர்கள் மட்டும் வந்த திருவிழா இல்லை. மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாத பிஞ்சுகள், அரைப் பிஞ்சுகள், காய்கள், கனிகள் என்று எல்லாப் பருவத்துச் செல்களும் ஒன்றாகத் தெருவுக்கு வந்துவிட்டன. நூற்றுக்கு ஒன்றுகூடத் தென்படாத, நீலக் கருமணிகள் நிறைந்த பேசோஃபில் என்ற வெள்ளையணு வகை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை 1,86,000. இருக்க வேண்டியது 11,000க்குள். கவுன்ட்டர் மணி அடித்தது. நான் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். மருத்துவர் பெயர் சொல்லுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐயா, அம்மா, நீங்கள் தேடுகிற பாலத்துக்கு இந்த ஒரு நோயே போதும். 1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி, குரோமோசோம் படங்களை வெட்டித் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்து, ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அந்த முறிவில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, அணையாத சுவிட்சு போன்ற ஒரு புரதம் உண்டாகிறது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த முறிந்த குரோமோசோம் நோயாளியின் வெள்ளையணுக்களில் மட்டும் இருக்க வேண்டும் அல்லவா? பெருகியவை அவைதானே? ஆனால் சிவப்பணுக்களைத் தரும் செல்களிலும் அதே முறிவு. தட்டணுக்களைத் தரும் பெருஞ்செல்களிலும் அதே முறிவு. பெரியப்பன் பிள்ளைகள், சித்தப்பன் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே அடையாளத் தழும்பு இருந்தால் என்ன பொருள்? தழும்பு தாத்தாவிடமிருந்து வந்திருக்கிறது. இந்த மூன்று வம்சங்களுக்கும் பொதுவான தாத்தா ரத்தக் குருத்தணு ஒன்றுதான். ஒரே ஒரு குருத்தணுவில் ஒரே ஒரு நாள் விழுந்த முறிவு, வாழையடி வாழையாக வந்து என் தம்பியின் காசுப் பையை வலிக்க வைத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? குடும்ப மரம் வரையத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

அவனுக்கு இமாட்டினிப் மாத்திரை எழுதினார்கள். அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்ற மருந்து. அந்த அணையாத சுவிட்சின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அணைத்துவிடும். மூல நிறுவனத்தின் மருந்து அப்போது மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்களின் மருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கண்டக்டர் சம்பளத்தில் எது முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மூல நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று ஏறி இறங்கி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. தம்பி அந்தச் செய்தித்தாளைப் பூஜை அறையில் வைத்திருக்கிறான். அது வேறு கதை, ஆனால் சமூக அறிவியல் பாடம் எழுதுகிற உங்கள் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் அவன் எண்ணிக்கை இயல்புக்கு வந்தது. விலாவுக்குக் கீழே வீங்கி அடைத்துக்கொண்டிருந்த மண்ணீரல் சுருங்கியது. திருவிழாக் கூட்டம் கலைந்து போனது. பல ஆண்டு கழித்து, மூலக்கூறுப் பரிசோதனையிலும் அந்த மரபணுவின் சுவடு தெரியவில்லை என்று எழுதி வந்தது. அப்போது என் தம்பி கேட்ட கேள்விதான் பாடநூலில் வர வேண்டிய கேள்வி:

"அண்ணே, ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறார்களே, பிறகு எதற்கு இன்னும் மாத்திரை?"

நாங்கள் வயல்காட்டில் வளர்ந்தவர்கள். கோரையைக் காட்டி விளக்கினேன். கோரையை அரிவாளால் அறுத்தால் வரப்பு பார்க்கச் சுத்தமாக இருக்கும். பத்து நாளில் மறுபடி பச்சை தலைகாட்டும். புல் மேலே, கிழங்கு மண்ணுக்குள். இமாட்டினிப் அறுப்பது புல்லை. நோயுற்ற குருத்தணு மஜ்ஜையின் மூலையில் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். உறங்குகிற அந்தச் செல்களை இமாட்டினிப் கொல்வதில்லை என்று 2002இலேயே கிளாஸ்கோ ஆய்வாளர்கள் சோதனைக் குழாயில் காட்டிவிட்டார்கள். அந்தச் செல் உயிர் வாழ அந்தச் சுவிட்சையே நம்பியிருக்கவில்லை என்பதும் பிறகு தெரிய வந்தது. சுவிட்சை அணைத்தால் பிள்ளைகள் சாகிறார்கள், தாத்தா புரண்டு படுக்கிறார்.

2010இல் பிரான்சில் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. குறைந்தது இரண்டு ஆண்டுகளாக நோயின் சுவடே தெரியாத நூறு பேர் மருத்துவர் கண்காணிப்பில் இமாட்டினிப்பை நிறுத்தினார்கள். ஓராண்டு கடந்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். தம்பியும் மருத்துவர் சொல்லி 2019இல் நிறுத்திப் பார்த்தான். ஐந்தாம் மாதம் கோரை தலைகாட்டியது. மறுபடி மாத்திரை, மறுபடி வரப்பு சுத்தம். இதைப் படிக்கும் வேறு யாராவது இந்த மாத்திரை எடுப்பவராக இருந்தால், தானாக நிறுத்தும் யோசனையே வேண்டாம். அவனுக்கு மாதாமாதம் பரிசோதனை நடந்ததால்தான் ஐந்தாம் மாதமே பிடிபட்டது.

இந்த நோயில் இன்னொரு திருப்பமும் உண்டு. சிகிச்சை எடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் அது திடீரென்று உக்கிரமாகும். பிஞ்சுச் செல்கள் மட்டுமே வெள்ளமாகப் பெருகும். அப்போது என்ன நடக்கிறது என்று 2004இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். குருத்தணு நிலையைத் தாண்டி, ஒருவழிப் பாதையில் கால் வைத்துவிட்ட செல்கள், தன்புதுப்பிப்புக்கான சமிக்ஞையை மறுபடி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்திருந்தன. குலையாக வேண்டியது கன்றாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகப் புற்றுக்கு இரண்டு வாசல்கள்: குருத்தணுவே கெடுவது ஒன்று, குருத்தணு அல்லாதது அதன் வித்தையைத் திருடுவது மற்றொன்று. எந்த வாசல் வழியாக வந்தாலும் கையில் இருப்பது ஒரே சாவி.

அந்தச் சாவியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. முன்மைலோசைட் வகைக் கடும் ரத்தப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. என் காலத்தில் அந்த ஸ்லைடைப் பார்த்தால் வார்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளி ரத்தக்கசிவில் சில நாள்களில் போய்விடுவார். அதில் செல்கள் பாதி முதிர்ச்சியில் சிக்கி நின்றுகொண்டே பெருகும். ஷாங்காயில் வாங் ஷென்யி என்ற மருத்துவர் 1980களில் வைட்டமின் ஏவின் உறவுப் பொருள் ஒன்றைக் கொடுத்து அந்தச் செல்களை முதிரவைத்துக் காட்டினார். அடித்துக் கொல்லாமல், வயதுக்கு வரச்செய்து வழியனுப்புவது. சீன மருத்துவர்கள் ஆர்சனிக்கையும் பயன்படுத்தினார்கள். அது நோய்க்குக் காரணமான கலப்புப் புரதத்தையே சிதைத்து, வேரிலிருக்கும் செல்லின் தன்புதுப்பிப்பைப் பறிக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், விலை உயர்ந்த கூட்டுச் சிகிச்சை தாங்க முடியாதவர்களை மனத்தில் வைத்து, ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து 72 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த முடிவை 2006இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் பிழைத்தார்கள். பாஷாணம் என்று நாம் பயப்படுகிற பொருள். உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வு நம் வேலூரில் நடந்தது என்று ஒரு பெட்டிச் செய்தி போட உங்களுக்கு இடமில்லாமல் போகாது.

அரிவாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு கன்று கழிக்கும் கருவிகள் பல வைத்திருக்கிறது. அவற்றில் பெயர் பெற்றது பி53 என்ற மரபணு. பழுதான செல்லை நிறுத்தும், அல்லது சாகச் சொல்லும். ஏறத்தாழப் பாதி மனிதப் புற்றுகளில் இது கெட்டுப் போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அப்படியானால் இதைக் கூட்டிவிட்டால் நல்லதுதானே? 2002இல் அமெரிக்காவில் ஒரு குழு, பி53 அளவுக்கு மீறி வேலை செய்யும் எலிகளை விவரித்தது. அவற்றுக்குப் புற்று அரிதாகவே வந்தது. ஆனால் சீக்கிரமே கூன் விழுந்து, எலும்பு மெலிந்து, ரோமம் முளைப்பது தளர்ந்து, சராசரிக்கு முன்பே கிழடாகிச் செத்தன. அரிவாள் ஓயாமல் வெட்டியதில் கன்றே இல்லாமல் போய்விட்டது. எனக்கு 66 வயது. காலில் பட்ட காயம் ஆற மூன்று வாரம் ஆகிறது. அந்த எலிகளைப் பற்றிப் படித்த பிறகு அந்தத் தாமதத்தை நான் முன்புபோல் திட்டுவதில்லை.

2006இல் கியோட்டோவில் யமனாகா என்ற ஜப்பானிய ஆய்வாளர் நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் முதிர்ந்த தோல் செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார், 2012இல் நோபல் பரிசு வாங்கினார். இதைப் பாடநூல்கள் மகிழ்ச்சியாகச் சொல்கின்றன. அந்த நான்கில் ஒன்று சி-மிக் என்ற பழைய புற்றுநோய் மரபணு என்பதையும், அப்படி உருவான செல்களிலிருந்து பிறந்த எலிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் கட்டி வந்தது என்று அவர் குழுவே அடுத்த ஆண்டு எழுதியதையும் சேர்த்துச் சொன்னால் பாடம் கெட்டுவிடாது. யமனாகாவின் பெருமையும் குறையாது. அதற்குப் பிறகு அந்த மரபணு இல்லாமல் செய்ய வழி தேடியவரும் அவர்தான்.

எதையும் முடிந்த முடிவாக எழுதிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு புற்றிலும் சில குருத்தணுக்களே வேர், மற்றவை வெறும் தழை என்ற கொள்கை ரத்தப் புற்றுநோயில் நன்றாக நிற்கிறது. டொராண்டோவின் ஜான் டிக் குழு 1990களில் மனித ரத்தப் புற்றுச் செல்களை எலியில் வளர்த்து அதைக் காட்டியது. மார்பகப் புற்றில் 2003இல் குறிப்பிட்ட வகைச் செல்கள் நூறு மட்டும் போதும் கட்டி வளர, மற்ற வகையில் பல ஆயிரம் ஏற்றினாலும் வளரவில்லை என்று கண்டார்கள். ஆனால் 2008இல் மிச்சிகனில் மெலனோமா என்ற தோல் புற்றை எடுத்துப் பார்த்தபோது கதை மாறியது. எலியின் நோய் எதிர்ப்பை இன்னும் குறைத்ததும், பத்து லட்சத்தில் ஒன்று என்று நினைத்த வேர்ச் செல், நான்கில் ஒன்று என்ற கணக்குக்கு வந்தது. வயல் முழுக்கக் கோரைக் கிழங்கு! இப்படி இழுபறி நடக்கும் இடத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அறிவியல் வாத்தியார்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவிட மாட்டார்கள்.

எதிர் வீட்டுப் பெண்ணிடம் நான் சொன்ன கதையையும் எழுதிவிடுகிறேன். இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவன். பரம்பரை நரம்பு நோய். ஒன்பது வயதில் தொடங்கி மாஸ்கோவுக்கு அழைத்துப் போய், கருவிலிருந்து எடுத்த நரம்புக் குருத்தணுக்களை மூளையிலும் தண்டுவடத் திரவத்திலும் மும்முறை ஏற்றினார்கள். முதல் ஊசிக்கு நான்கு ஆண்டு கழித்துத் தலைவலி. மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். தண்டுவடத்துக் கட்டியை எடுத்துச் சோதித்தபோது அதில் பெண் செல்கள் இருந்தன. பையன் உடம்பில் வளர்ந்த கட்டி, பையனுடையது இல்லை. ஊசியில் வந்தவர்களுடையது. அது கொடிய வகைப் புற்று இல்லை என்பது ஆறுதல். 2009இல் இதை மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

இவளுடைய மகனுக்கு ஏற்றப் போவது அவனுடைய சொந்த மஜ்ஜைச் செல்கள், இரண்டும் ஒன்றில்லை என்பதையும் நேர்மையாகச் சொன்னேன். அதே ஆபத்து என்று பயமுறுத்தினால் நானும் அந்தக் கையேட்டுக்காரர்களும் ஒன்றாகிவிடுவோம். ஆனால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. ரத்தம் சார்ந்த, ஏற்கப்பட்ட சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்றக் குருத்தணுச் சிகிச்சை எதுவும் முறையான ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள். ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் சொல்லியிருக்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சம் கேட்கிறார்கள் என்றால் அது எப்படி ஆய்வாகும்? இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவள், "இதையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள். நகை அடகுக்குப் போகவில்லை. பையன் இப்போது பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். நான்கைந்து சொல் புதிதாக வந்திருக்கிறது. அதில் ஒன்று 'தாத்தா'.

நான் கேட்பது புதிய பாடம் இல்லை. பிள்ளைகளின் சுமை எனக்குத் தெரியும். இருக்கிற இரண்டு பாடங்களுக்கும் நடுவே ஒரே ஒரு பக்கம். மேலே ஒரு குருத்தணு பிரிகிற படம், ஒரு பக்கம் குலையும் ஒரு பக்கம் கன்றுமாக. அடுத்து அதே படம், இரு பக்கமும் கன்றாக. இரண்டாவது படத்துக்குக் கீழே பிள்ளைகளே எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு. 'கட்டுப்பாடில்லாத பிரிதல்' என்ற பழைய வரியோடு, 'முதிர மறுத்துத் தன்னையே மீண்டும் மீண்டும் செய்துகொள்வது' என்ற அரை வரியைச் சேர்த்தால் போதும். மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வியும் வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள். வாத்தியார் உள்பட.

இணைக்க வேண்டிய படம் என்னிடம் இருக்கிறது. 2006இல் நான் போட்ட தம்பியின் ஸ்லைடை ஒரு சிறிய மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சாயம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் பிஞ்சு முதல் கனி வரை எல்லாப் பருவமும் ஒரே பார்வையில் தெரியும். மைக்ராஸ்கோப்போடு நேரில் கொண்டுவரத் தயார், பஸ் டிக்கெட்டுக்கூட நீங்கள் தர வேண்டாம். தம்பியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "என் பெயரைப் போடாதீர்கள், பேசோஃபில் தெரிகிற மாதிரி படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்,
கும்பகோணம்